காப்பிரிச் சேவகனுக்கு வசனம் இல்லை

தாராளமாக உட்காருங்கள், தம்பி. அந்த இடத்துக்கு வேறு ஆள் வராது. புத்தளத்தில் ஏறியதிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன்; எட்டுப் பேர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்கிறார்கள், என் பக்கத்தில் இருக்கத்தான் ஒருவருக்கும் மனம் வரவில்லை. என் ஆயுள் முழுவதும் இப்படித்தான். சந்தை நாளில் பேருந்து பிதுங்கி வழியும்போதும் எனக்குப் பக்கத்தில் ஓர் இடம் சும்மா கிடக்கும். என் மகன் இதற்கு வேறு பெயர் சொல்லுவான். நான் மரியாதை என்று எடுத்துக்கொள்ளுவேன்.

என் தலைமயிரைப் பார்க்கிறீர்கள். பாருங்கள், குற்றமில்லை. கேட்கத் தயங்குகிறீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். ஆம், காப்பிரி. பெயர் எலியாசு மரியானு. பாலைக்குடா என்று கரையோரத்தில் ஒரு வேதக்காரர் ஊர். அங்கே எங்கள் குடும்பம் ஒன்றுதான் காப்பிரிக் குடும்பம். என் பாட்டனுக்குப் பாட்டனை ஆபிரிக்காவில் எந்தக் கரையில் கப்பலேற்றினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஏற்றியவன் எழுதி வைத்திருப்பான். ஏறியவனுக்கு எழுத்து ஏது? ஒரு வெள்ளைக்காரன் வாங்கினான். அவன் தோற்றபோது அடுத்த வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான். மூன்றாவது வெள்ளைக்காரன் சட்டை மாட்டித் துவக்கைக் கொடுத்துப் படையில் நிறுத்தினான். படையைக் கலைத்த அன்று துவக்கை வாங்கிக்கொண்டு சவுக்கைக் கொடுத்தான், தெரு வெட்டுகிற கூலிகளை அடிப்பதற்கு. தெரு முடிந்ததும் உப்பளம் வந்தது, உப்புக் களவெடுக்கிறவர்களை அடிப்பதற்கு. இத்தனை கொடி இறங்கி ஏறியும் எங்களுக்கு ஒரு நாள் வேலை தவறியதில்லை. இந்தப் பெருமை ஊரில் வேறு எந்தக் குடும்பத்துக்கு உண்டு, சொல்லுங்கள்.

நான் சிலாபத்தில் இறங்குவேன். அங்கே ஐஸ் தொழிற்சாலையில் என் மகன் ஜெரோனிமு வேலை செய்கிறான். ஒரே மகன். மூன்று வருடமாக என்னோடு பேச்சில்லை. இன்னும் பதினொரு நாளில் குருத்தோலை ஞாயிறு. அதற்குள் அவனை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஊருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வருவானா என்பதுதான் கேள்வி. நீங்கள் படித்தவர் போலத் தெரிகிறீர்கள், முழுவதையும் கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று மூன்று மணிக்குக் கோவில் முற்றத்தில் பாஸ்கு நடக்கும், ஆண்டவர் பட்ட பாடுகளின் நாடகம். பொம்மை வைத்து ஆட்டுகிற பாஸ்கு அல்ல. ஆட்களே நடிக்கிற பாஸ்கு. நாடகம் எழுதிய கொப்பி, நடிப்புப் பழக்குகிற அண்ணாவியார் வீட்டில் இருக்கிறது. வடக்குக் கரையார் கொப்பியில் கற்றூணில் கட்டி அடிக்கிற காட்சிக்கு இரண்டு சேவகர்கள், ஏழு அடி. எங்கள் கொப்பியில் மூன்று சேவகர்கள், பதின்மூன்று அடி. அந்த மூன்றாவது சேவகனுக்குக் கொப்பியில் பெயர் கிடையாது. 'காப்பிரிச் சேவகன் வரவு' என்று மட்டும் எழுதியிருக்கும். அதற்குக் கீழே வசனம் இல்லை. 'நகைக்கிறான். எண்ணுகிறான். அடிக்கிறான்.' அவ்வளவுதான். அது எங்கள் குடும்பத்து உரிமை. என் பாட்டன் செய்தார், அப்பா செய்தார், நான் நாற்பத்தொரு வருடம் செய்தேன். மற்றச் சேவகர்கள் இரண்டு பேரும் தேங்காயெண்ணெயில் கரியைக் குழைத்து முகத்தில் பூசிக்கொள்ளுவார்கள். எனக்கு ஒப்பனைச் செலவு இல்லை.

நான் இப்படி இலக்கணமாகப் பேசுவதைக் கேட்டு நீங்கள் வியக்கிறீர்கள் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. வசனம் உள்ளவன் தன் வசனத்தை மட்டும் பாடம் பண்ணுவான். வசனமே இல்லாதவன் நாற்பத்தொரு வருடம் மூலையில் நின்று எல்லாருடைய வசனத்தையும் கேட்பான். பிலாத்து, கைப்பாஸ், யூதாஸ், வெரோனிக்காள், எல்லாரும் என் நாக்கில் இருக்கிறார்கள்.

ஆனால் எண்ணுவது எங்கள் பாஷையில். கேளுங்கள்: உங், தோஸ், த்ரேஸ், காத்ரு, சிங்கு, செய்ஸ், செத்தி, ஒய்து, நோவி, தேஸ், ஒன்சி, தோசி, த்ரேசி. பதின்மூன்று. அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது, அதற்கு மேல் தேவைப்பட்டதுமில்லை. எங்கள் ஆபிரிக்க பாஷையில் மிஞ்சியது இவ்வளவுதான். கொழும்பிலிருந்து ஒரு வாத்தியார் வந்து, இது ஆபிரிக்க பாஷை அல்ல, போர்த்துக்கீசன் பாஷை என்றார். அப்படியானால் போர்த்துக்கீசன் எங்களிடம் படித்திருப்பான் என்றேன். அவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

என்னைக் கண்டால் ஊர்ப் பிள்ளைகள் அழுகையை நிறுத்தும். சோறு தின்ன மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளையிடம் தாய்மார், "எலியாசு வாறான், வாயத் திற" என்பார்கள். ஒரு தரம் கரைவலை இழுக்கிற பாடு, அந்தக் கடல் துண்டு யாருக்கு என்று எங்கள் ஊருக்கும் தெற்கு ஊருக்கும் சண்டை. இப்போது ஊருக்குத் தலைவராக இருக்கிற கயித்தான் மூப்பருடைய தகப்பன் அப்போது உயிரோடு இருந்தார், ஆறு வலைக்குச் சொந்தக்காரர். என்னைக் கூப்பிட்டு, "டேய் எலியாசு, நீ ஒண்டும் செய்ய வேணாம். முன்னுக்குப் போய் நில்லு, காணும்" என்றார். போய் நின்றேன். தெற்கு ஊரான் ஒருவன் கல்லெடுத்தான். அவன் கையைப் பிடித்து முறித்தேன். பச்சைப் பனை மட்டை ஒடிகிற சத்தம் கேட்டது. அவன் இரண்டு முழங்காலும் ஈரமணலில் ஊன்றி, அந்தக் கையை மற்றக் கையால் ஏந்திக்கொண்டு, தாயைக் கூப்பிட்டான். அந்தப் பெரிய மூப்பர் எனக்கு உடுக்க ஒரு சாரமும் ஒரு போத்தல் சாராயமும் தந்தார். முற்றத்தில் வைத்துத்தான் தந்தார், உள்ளே கூப்பிடவில்லை. கடற்கரைக் காலோடு நின்றேன் அல்லவா, வீடு மணலாகிவிடும்.

பெரிய வியாழனன்று சுவாமியார் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவி முத்தமிடுவார். எங்கள் குடும்பத்துக் கால் ஒன்றும் அந்த வரிசையில் இருந்ததில்லை. நான் குறை சொல்லவில்லை. மறுநாள் சவுக்கெடுக்கிறவனுக்கு முதல்நாள் எதற்குக் கால் கழுவுவது? கதைக்குப் பொருந்தாது. ஜெரோனிமுவுக்கு இதைப் பலதரம் விளங்கப்படுத்தினேன். அவனுக்கு விளங்கவில்லை.

சரி, அந்த வருடத்துக்கு வருகிறேன்.

ஆண்டவர் வேடத்துக்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தபசு காலம் தொடங்கும்போது கலியாணமாகாத இளந்தாரிகளின் பெயரை எழுதிப் பீடத்தில் வைத்துத் திருவுளச்சீட்டு எடுப்பார்கள். சீட்டு விழுந்தவன் நாற்பது நாள் ஒருபோசனம் இருக்க வேண்டும். திருவுளம் என்றால் தேவன் தெரிந்தெடுத்தது, மாற்ற முடியாது. எங்கள் வீட்டுப் பெயரை மட்டும் எழுதுவதில்லை. யாரும் தடுத்ததாக நினைக்காதீர்கள், சேவகன் வீட்டுக்காரன் எப்படி ஆண்டவராவது? ஆனால் அந்த வருடம் அமலதாஸ் என்று ஒரு புதுச் சுவாமியார் மலைநாட்டிலிருந்து வந்திருந்தார். அவருக்கு வழக்கம் தெரியாது. ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வயது பார்த்து எல்லாப் பெயரையும் எழுதிவிட்டார். தெரியாமல் செய்த பிழை. முதல் சீட்டு ஜெரோனிமு.

 கயித்தான் மூப்பர் எழும்பி, "சாமி, சீட்டுச் சரியாக் குலுங்கேல்ல, இன்னொருக்கா எடுப்பம்" என்றார். சுவாமியார் குலுக்கி எடுத்தார். மறுபடியும் ஜெரோனிமு. மூப்பர், "மூண்டாம் தரம்தான் முடிவு" என்றார். சுவாமியாருக்கு அப்போதுதான் ஏதோ விளங்கியது. சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "ரெண்டு தரம் சொன்னவருக்கு மூண்டாம் தரமும் கேட்டாக் கோவம் வரும் மூப்பர்" என்றார்.

வீட்டுக்கு வந்து மகனிடம் நல்ல விதமாகச் சொன்னேன். வயிற்று வலி என்று சொல்லிவிடு, அடுத்த சீட்டுக்காரன் நிற்கட்டும் என்றேன். அவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அப்பா, அடிக்கிற பக்கத்தில எங்கள நிப்பாட்டினது ஆரு? நாங்களா போய் நிண்டம்?"

"அது எங்கட உரிமையடா."

"உரிமையோ? அடி வாங்கி வாங்கி வந்த சனமப்பா நாங்க. அத மறக்கச் சொல்லித்தான் கையில சவுக்கத் தந்தவன். நீங்க எண்ணுறீங்களே, உங் தோஸ் எண்டு, அது எங்கட பாஷை இல்ல. எங்கள எண்ணி எண்ணிக் கப்பலில ஏத்தினவன்ர பாஷை."

கன்னத்தில் அறைந்தேன். என் மனைவி அனஸ்தாசி குறுக்கே வந்தாள். அவளுக்கும் கொஞ்சம் பட்டது. அவன் கை ஓங்கவில்லை. என்னைவிட அரை அடி உயரம், கிழங்கு மாதிரி நெஞ்சு, ஓங்கியிருந்தால் நான் விழுந்திருப்பேன். ஓங்காததுதான் எனக்குக் கோபம்.

நாற்பது நாளும் ஒருபோசனம் இருந்தான். வேறு எந்த ஆண்டவரும் எங்கள் ஊரில் நாற்பது நாளும் ஒழுங்காக இருந்ததில்லை. மூப்பருடைய மகன் ஆண்டவராக நின்ற வருடம் பின்னேரங்களில் கொத்துரொட்டி தின்றதை நானே கண்டேன். இவன் காய்ந்து விலா எலும்பு தெரிந்தான்.

பெரிய வெள்ளி வந்தது. ஒப்பனைக் கொட்டிலில் சந்தியோகு அண்ணாவியார் ஒரு பேணி நிறைய வெள்ளைப் பவுடரை வைத்துக்கொண்டு நிற்கிறார். "மகன், முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும். தூரத்தில நிக்கிற சனத்துக்கு ஆண்டவரெண்டு தெரிய வேணும்." ஜெரோனிமு மாட்டேன் என்றான். அண்ணாவியார் என்னைப் பார்த்தார். "பூசினா என்னடா, குறைஞ்சா போயிடுவாய்?" என்றேன்.  பிறகு தலைமயிர். செம்பட்டைச் சாயம் தோய்த்த சணல் முடி, தோள்வரை தொங்கும். எங்கள் சுருட்டை மயிர் மேல் அது இருக்குமா? வைக்க வைக்க வழுக்கி விழுந்தது. நாலு ஊசி குத்தி நிறுத்தினார்கள்.

வெளியே சனம் கடல் போல. அவன் மேடையில் கால் வைத்தான். வேப்பமரத்தில் ஏறியிருந்த ஒருவன் கத்தினான்:

"அடேய், ஆண்டவர ஆரடா அடுப்பில வச்சது?"

அவ்வளவுதான். சிரிப்பு வலை இழுத்த மாதிரி ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வந்தது. ஒலிவத் தோட்டத்தில் அவன் முழங்காலில் நின்று மன்றாடும்போது சணல் முடி நழுவி மூக்கில் விழுந்தது. பெண்கள் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். "வெயில்ல நிண்டு மன்றாடினவர், கறுத்திட்டார்" என்று ஒருத்தி. "எலியாசுட மோனே, நீ அடிக்கவெல்லோ பிறந்தாய்" என்று ஒரு கிழவன். மூப்பர் முன்வரிசையில் இருந்து சிரிக்காமல் சிரித்தார், வயிறு மட்டும் ஆடியது. கைப்பாஸாக நின்றவன் வசனத்தை முடிக்க முடியாமல் சிரித்துவிட்டான். ஜெரோனிமு ஒருவன்தான் வசனம் தவறவில்லை. அழகாகச் சொன்னான். அப்படி ஒரு குரல் அந்தக் கொப்பிக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. ஒருவரும் கேட்கவில்லை.

நான் திரைக்குப் பின்னால் நின்றேன். தம்பி, உங்களுக்குப் பிள்ளை உண்டா? உங்கள் பிள்ளையைப் பார்த்து ஓர் ஊர் முழுவதும் சிரித்தால் உங்கள் கை என்ன செய்யும்?

என் முறை வந்தது. கற்றூணில் அவன் கையைக் கட்டியிருந்தார்கள், முதுகு சனத்துக்குத் தெரியும்படி. எங்கள் வழக்கத்தில் சவுக்கு பஞ்சுக் கயிறு. சிவப்புச் சாயத்தில் தோய்த்து வைத்திருப்போம், அடித்தால் நோகாது, கோடு மட்டும் விழும். அன்று அந்தக் கயிற்றைக் காணவில்லை. யாரோ எடுத்துவிட்டார்கள். கையில் அகப்பட்டது என் அப்பா உப்பளத்தில் வைத்திருந்த திருக்கை வால். கண்டிருக்கிறீர்களா? திருக்கை மீனின் வாலைக் காயவைத்து எண்ணெய் பூசிச் செய்வது. முள்ளுமுள்ளாக இருக்கும். அதை வீசும்போது காற்று அழும்.

கொப்பிப்படி நகைத்தேன். சனமும் என்னோடு சேர்ந்து சிரித்தது. உங் என்றேன்.

முதல் அடிக்கும் சிரித்தார்கள், சாயம் என்று நினைத்து. தோஸுக்குத் தோல் பிரிந்தது. த்ரேஸுக்கு முன்வரிசையில் ஒரு பெண்ணின் வெள்ளைச் சட்டையில் துளி தெறித்தது. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. நீங்கள் எங்கள் ஊரைக் கண்டதில்லை. அந்த ஊர் வாய் மூடி நான் கண்டதில்லை. காகம் கத்துவது கேட்டது. கடல் கேட்டது. காத்ரு. சிங்கு. வால் விலாவைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய்க் கடித்து வந்தது. செய்ஸ். செத்தி. மற்றச் சேவகர்கள் இரண்டு பேரும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு விலகிப் போனார்கள். ஒய்து என்னும்போது யாரோ ஒரு பெண் "ஐயோ என்ர ராசா" என்றாள். நோவிக்கு எல்லாரும். ஆண்களும். தம்பி, நாற்பத்தொரு வருடத்தில் எத்தனை சிவத்த ஆண்டவரை அடித்திருக்கிறேன்; ஒப்புக்கு மூக்கைச் சிந்துவார்கள். அன்று நெஞ்சிலடித்துக்கொண்டு அழுதார்கள். எங்களில் ஒருவனுக்காக ஓர் ஊர் அழுததை எங்கள் பாட்டன், பாட்டனுக்குப் பாட்டன் யாராவது கண்டானா? த்ரேசி. நிறுத்தினேன்.

அடுத்தது பிலாத்துவின் வசனம். பிலாத்துவாக நின்ற பையன் வாயைத் திறந்தபடி நிற்கிறான், சத்தம் வரவில்லை. அண்ணாவியார் கொப்பியைக் கீழே போட்டுவிட்டார். மேடை சும்மா கிடக்கிறது. யார் சொன்னது தெரியுமா? நான். மகனின் தலைமயிரைப் பிடித்து, சணல் முடி எப்போதோ விழுந்துவிட்டது, அவனுடைய சொந்த மயிரைப் பிடித்து, முகத்தைச் சனத்துக்குத் திருப்பினேன். 'சனங்களே, இந்த மனிதனைக் கண்ணாரக் காணுங்கள்' என்றேன். என் வாழ்நாளில் மேடையில் நான் சொன்ன ஒரே வசனம் அது. குரல் கடற்கரை வரைக்கும் போனதென்று சொன்னார்கள்.

சுவாமியார் ஏறிக் குதித்து என் கையைப் பிடித்தார். பாஸ்கு அதோடு நின்றுவிட்டது. சிலுவைக் காட்சிக்குப் போகவே இல்லை. பெண்கள் மேடைக்கு ஓடி வந்தார்கள், மகனைத் தூக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். கைலேஞ்சியை எடுத்துப் பலகையில் கிடந்த இரத்தத்தைத் தொட்டு மடித்து வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் சில வீடுகளில் மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. மூப்பர் என்னைக் கட்டிப்பிடித்தார். கயித்தான் மூப்பர், தம்பி! அவருடைய வெள்ளைச் சட்டையில் என் கைக் கறை ஒட்டியது, அவர் துடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் குப்புறப் படுத்துக் கிடந்தான். காய்ச்சல் வந்து பிதற்றினான். நான் வாசலோடு நின்றேன். அனஸ்தாசி வெளியே வந்து, "ஊர் அழுததக் கண்டீங்களோ?" என்று கேட்டாள். கண்டேன் என்றேன், சந்தோசமாகத்தான் சொன்னேன். "நான் அழேல்ல. அதக் கண்டீங்களோ?" என்றாள். வீட்டுக்குப் போய் அந்த வாலை அடுப்பில் வைத்து எரித்தாள். மூன்று நாள் நாற்றம் போகவில்லை. பிறகு மகனோடு சிலாபத்துக்குப் போய்விட்டாள்.

 ஏதோ கணக்குப் பார்க்கிறது போலிருக்கிறது உங்கள் முகம். சரி, சொல்லிவிடுகிறேன், பேருந்தில் கேட்ட கதையை நீங்கள் கொண்டுபோய் யாரிடம் சொல்லப்போகிறீர்கள்? பஞ்சுக் கயிறு தொலையவில்லை. கொட்டிலில் ஆணியில்தான் தொங்கியது. வாலை நான் காலையிலேயே இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு போனேன். அடிப்பதற்கல்ல. சும்மா. அவன் என் பாஷை என்னுடையதல்ல என்றான் அல்லவா, என் அப்பாவின் பொருள் ஒன்று உடம்போடு இருக்கட்டும் என்று.

இன்னொன்று. கட்டப்பட்டிருக்கும்போது ஆண்டவருக்கு வசனம் கிடையாது, எந்தக் கொப்பியிலும் கிடையாது. செத்திக்குப் பிறகு அவன் தலையைத் திருப்பாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி, "அப்பா, காணும்" என்றான், போதுமென்று. கேட்டது. கேட்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன், சுவாமியாரிடம் சொன்னேன், பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னேன். கேட்டது. ஆனால் அப்போதுதான் முதல் பெண் அழத் தொடங்கினாள், தம்பி. அப்போதுதான் தொடங்கினாள். நான் எப்படி நிறுத்துவது?

த்ரேசியோடும் நிற்கவில்லை. டாக்டர் இருபத்திரண்டு என்று எழுதினார். பதின்மூன்றுக்கு மேல் எங்களுக்கு எண் இல்லை என்று சொன்னேன் அல்லவா. மறுபடியும் உங் என்று தொடங்கினேன்.

போகட்டும். இப்போது எல்லாம் நல்லபடியாக முடியப்போகிறது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் பாஸ்கு போட்டார்கள், ஒருவரும் அழவில்லை. சனம் அரைவாசியில் எழும்பிப் போனது. போன மாதம் மூப்பர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முற்றத்தில் அல்ல, உள்ளே, கதிரையில் இருத்தினார். தேத்தண்ணீர் தந்தார். "எலியாசு, உன்ர மோன் மாதிரி ஆண்டவருக்கு இனி ஆள் இல்ல. இந்த முறை ஆயர் வாறார். வெளியூரில இருந்து பஸ் பிடிச்சுச் சனம் வருது. சீட்டு வேணாம். இனி ஆண்டவர் வேசம் உங்கட குடும்பத்துக்குத்தான். எழுதித் தாறன்." எழுதியும் தந்தார். புதுச் சுவாமியாரும் சம்மதம். அமலதாஸ் சுவாமியாரை மாற்றிவிட்டார்கள். நாங்கள் இந்தக் கரைக்கு வந்து இத்தனை தலைமுறையில் எங்களைத் தேடி ஒருவர் ஏதாவது கேட்டாரா? ஜெரோனிமு விரும்பியதும் இதுதானே, அடிக்கிற பக்கத்தில் நிற்க வேண்டாம் என்பதுதானே? அவன் பக்கம் அவனுக்கு, என் பக்கம் எனக்கு. இதைச் சொன்னால் சந்தோசப்பட மாட்டானா?

மெதுவாகத்தான் அடிப்பேன் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மெதுவாக அடித்தால் சனம் அழாது என்று அவனுக்கே தெரியும்.

அந்தா, சிலாபத்துக் கோவில் கோபுரம் தெரிகிறது. தம்பி, உங்களிடம் ஓர் உதவி. ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பையன் ஒருவனிடம் சொல்லி அனுப்பியிருந்தேன், அப்பா வரப்போகிறார் என்று. மறுமொழி வந்தது. 'வரட்டும். வெறுங்கையோட வந்தாக் கதவு திறக்கும்' என்று. மூன்று வருடத்துக்குப் பிறகு என் மகன் எனக்குச் சொன்ன சொல், அதுவும் வேறொருவன் வாயால். ஆனால் இந்தப் பையைப் பார்த்தீர்களா, என் காலடியில்? மூப்பர் புதிதாகச் செய்வித்துத் தந்தது. நல்ல நீளம், பித்தளைப் பிடி. வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம்தான். வைத்துவிட்டு வாசல்வரை வந்தேன். கை காற்றில் அலைந்தது, எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டேன். சவுக்கோடு நின்றால் நான் எலியாசு. பிள்ளைகள் அழுகையை நிறுத்தும், மூப்பர் கதிரை தருவார். இது இல்லாமல் நான் யார்? காப்பிரி.

நீங்கள் இறங்கி, பேருந்து நிலையத்தில் இதை ஒரு மணித்தியாலம் வைத்திருங்கள். நான் வெறுங்கையோடு போய், முகத்தைக் கண்டு, ஊர் கூப்பிடுகிறது என்று சொல்லிவிட்டு வந்து வாங்கிக்கொள்கிறேன். கனமில்லை. பிடித்துப் பாருங்கள்.

ஏன் எழும்புகிறீர்கள்? நெரிசலில் போய் நிற்கிறீர்களே, இங்கே இடம் இருக்கிறதே.

சரி. போங்கள். இறங்குகிறவர்கள் எல்லாரும் இறங்குங்கள். நான் ஒருவரையும் தடுக்கவில்லை.

கொண்டக்டர் தம்பி! இந்த பஸ் சிலாபத்தோடு நிற்குமா, இன்னும் போகுமா? கொழும்பு வரைக்குமா? அப்படியானால் எனக்கு இன்னொரு டிக்கட் கிழியுங்கள். இல்லை, இறங்கவில்லை. கொழும்பு வரைக்கும்.